சென்சர் புதிசு, புகை மட்டும் பழசு

பரந்தனில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எஞ்சின் சூட்டைப் பார்க்கிற சென்சரை இரண்டு தரம் மாத்தியாச்சு. மீற்றர் பிடிச்சால் வயரில 5 வோல்ற் சரியா வருது. ஆனாலும் கறுப்புப் புகை, பெற்றோலும் அள்ளிக் குடிக்குது. பள்ளத்தில விழுந்தெழும்பினால் செக் எஞ்சின் லைற் பத்துது. நாவூறு எண்டு தேசிக்காயும் கட்டியாச்சு. வேறென்ன செய்ய?"

அந்தச் சென்சர் எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் தலையை நனைத்தபடி இருக்கும். உள்ளே உலோக ஒட்சைட்டுகளால் ஆன ஒரு சின்ன மணி. சாதாரணக் கம்பி சூடேறினால் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை கூடும், இதற்கோ குறையும். அந்தத் தடையை ஓமில் அளப்போம். 1833 இல் மைக்கேல் பரடே வெள்ளி சல்பைட்டில் கண்ட அதே குணம்தான். பல யப்பான் கார்களில் 20 பாகையில் 2500 ஓம் அளவிலும் 80 பாகையில் 300 ஓம் அளவிலும் இருக்கும்.

ஈசியூ என்கிற கணினிப் பெட்டிக்கு நேரடியாக ஓம் அளக்கத் தெரியாது, வோல்ற்தான் தெரியும். அதனால் 5 வோல்ற்றைத் தனக்குள் உள்ள ஒரு தடையின் ஊடாகச் சென்சருக்கு அனுப்புகிறது. அந்தத் தடையும் 2500 ஓம் என்று வையுங்கள். 20 பாகையில் இரண்டும் சரிபாதியாகப் பங்கு போடும், சென்சருக்கு 2.5 வோல்ற். 80 பாகையில் சென்சரின் பங்கு அரை வோல்ற்றுக்கு இறங்கிவிடும். பங்கு குறையக் குறைய, எஞ்சின் சூடாகிறது என்று ஈசியூ கணக்குப் போடும். சொக்கற்றைக் கழற்றினால் முழு 5 வோல்ற்றும் அப்படியே நிற்கும். ஈசியூவைப் படிக்கும் ஸ்கேனரில் மறை 40 பாகை காட்டும், பி0118 என்ற பழுதுக் கோட் விழும். அந்தக் கோட் குற்றம் சொல்வது முழுச் சுற்றையும். சென்சரை மட்டும் மாற்றினால் வயரை யார் பார்ப்பது?

சரி, மீற்றர் ஏன் 5 வோல்ற் காட்டியது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சேறு அடைத்த மதகு ஒன்றை நினைத்துப் பாருங்கள். கடைமடை வயல்காரர் வாயை அடைத்து வைத்திருந்தால், நேரம் எடுத்தாலும் மதகின் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். அடைப்பு இருப்பதே தெரியாது. வாயைத் திறந்துவிடுங்கள், கீழ்ப்பக்கம் மட்டம் சட்டென்று விழும். ஓடும்போதுதான் அடைப்புத் தெரியும். டிஜிற்றல் மீற்றர் ஏறத்தாழ மின்னோட்டமே எடுப்பதில்லை. சென்சரைக் கழற்றி வைத்துவிட்டு அளப்பது வாயை அடைத்துவிட்டு மட்டம் பார்ப்பது மாதிரி. வயருக்குள் ஒரேயொரு இழை மிஞ்சியிருந்தாலும் 5 வோல்ற் வரும்.

போன சனிக்கிழமை நேரில் போனேன். சொக்கற்றைப் பூட்டியபடியே, பின்பக்கத்தால் மெல்லிய ஊசி விட்டு, ஏர்த் பின்னுக்கும் பற்றறியின் மறை முனைக்கும் இடையில் அளந்தேன். 0.1 வோல்ற்றுக்கு மேல் இருக்கக் கூடாது. 1.3 வோல்ற் இருந்தது. அப்புறம் சொக்கற்றைக் கழற்றி ரோச் அடித்துப் பார்த்தால், ஏர்த் பின்னின் அடியில் பாசி பிடித்தது போலப் பச்சைக் களிம்பு. ரப்பர் சீல் கிழிந்திருந்தது. மாரிமழையும் செம்மண் புழுதியும் உள்ளே போக வேறு வழி வேண்டுமா? அந்தக் களிம்பு ஏறத்தாழ 1000 ஓம். சென்சரின் 300 உடன் சேர்ந்து 1300. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூட வேண்டும். 80 பாகை எஞ்சினை 40 பாகையும் இல்லை என்று நினைத்து, ஈசியூ பெற்றோலைக் கூட ஊற்றியிருக்கிறது. பள்ளத்தில் விழும்போது தொடர்பே அறுந்து லைற் பற்றியிருக்கிறது.

போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய ஊர் இது. எங்கள் மெக்கானிக்மாரின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, ஜேர்மன் உதவியோடு வந்த பயிற்சி நிலையமும் இருக்கிறது. ஊர்க் கராச்சுகளுக்கு அங்கே மாலை வகுப்பு வைக்கக் காசு ஒதுக்க வேண்டும். தேசிக்காய் கட்டுவது அவரவர் நம்பிக்கை, ஆனால் களிம்பை அது கரைக்காது.

பின்னைச் சுரண்டித் துடைத்து, சீல் மாற்றினோம். 1.3 வோல்ற் 0.03 ஆனது. வீசாமல் வைத்திருந்த முதல் சென்சரையும் சுடுதண்ணீர்க் கோப்பையில் விட்டு அளந்தேன். தடை இறங்கி இறங்கி 300 ஓமுக்குக் கிட்ட வந்து நின்றது. அதில் ஒரு பழுதும் இல்லை.