டயாக்சின் தீயில் அல்ல, புகை ஆறும்போது பிறக்கிறது

மருத்துவக் கழிவு எரிக்கும் இன்சினரேட்டரில், புகையை மறுபடி எரிக்கும் இரண்டாம் அறை 1050 டிகிரியில் இருக்கிறதா, புகை அங்கே 2 விநாடி தங்குகிறதா என்றுதான் எல்லாரும் பார்க்கிறோம். பார்க்க வேண்டியதுதான், அந்தச் சூட்டில் டயாக்சின், ஃபியூரான் என்ற குளோரின் ஏறிய கொடிய நச்சுகள் சிதைந்துவிடும். ஆனால் அதே புகை 450 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு இறங்கும்போது அவை மறுபடி உருவாகின்றன.

குழாய் வளைவில் படியும் சாம்பலைச் சுரண்டிப் பார்த்தால் எரியாத கரி இருக்கும். கூடவே துளி தாமிரம் இருந்தால் போதும். பிவிசி பிளாஸ்டிக் எரிந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடை ஆக்சிஜன் துணையோடு அது குளோரினாக மாற்றுகிறது. குளோரின் கரியில் ஏறி டயாக்சின் ஆகிறது. 300 டிகிரியை ஒட்டி இந்த வேலை மும்முரமாக நடக்கும். பழைய வயரைக் கொளுத்தித் தாமிரம் எடுக்கும் இடங்களில் பிவிசி, தாமிரம், கரி மூன்றும் ஒரே குவியலில் கிடக்கின்றன. அந்தப் புகைப் பக்கம் குழந்தைகளை விடவே கூடாது.

அதனால்தான் புகையில் தண்ணீர் தெளித்து நொடிப் பொழுதில் குளிரவைக்கிறோம். பிறகு டயாக்சினை ஈர்த்துப் பிடிக்கும் கிளர்வூட்டிய கரித்தூள், அதன்பின் தூளை வடிகட்டும் துணிப் பை ஃபில்டர். ஃபில்டரே 200 டிகிரிக்கு மேல் ஓடினால், அதில் ஒட்டிய சாம்பலே டயாக்சின் தயாரிக்க ஆரம்பித்துவிடும். அங்கே சேரும் தூள் அபாயக் கழிவு. பள்ளம் நிரப்பக் கொடுக்காதீர்கள்.

சட்ட வரம்பு ஒரு கனமீட்டர் புகைக்கு 0.1 நானோகிராம் நச்சுச் சமானம் (பல வகை டயாக்சின், ஃபியூரான்களின் நச்சை ஒரே அளவுகோலில் கூட்டிய கணக்கு). பரிசோதனையோ வருடத்துக்கு ஒரு முறை. மற்ற நாட்களில் நிலவரத்தைச் சொல்வது, அரைகுறையாக எரிந்தால் ஏறும் கார்பன் மோனாக்சைடு மீட்டர்தான். சூடு ஏறுமுன் முதல் கழிவுப் பையைப் போட்டாலும், ஈரக் கழிவை மொத்தமாகத் தள்ளினாலும் முள் எகிறும். உடனே பை போடுவதை நிறுத்த வேண்டும்.

தவறின் வேர் பெரும்பாலும் வார்டில்தான். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். டிரிப்ஸ் டியூப், சிறுநீர்ப் பை போன்றவை சிவப்புப் பைக்குப் போய், ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் வெந்து, துண்டாக்கப்பட வேண்டியவை. மஞ்சள் பையில் விழுந்தால் நேரே நெருப்புக்குத்தான். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி அந்த மஞ்சள் பையே குளோரின் இல்லாத பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சை ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கிருமிநாசினியில் ஊறவைத்து மஞ்சள் பையில் போடும் பழக்கத்தையும் விடுங்கள். ஊறிய குளோரின் பஞ்சோடு உலைக்குத்தான் போகிறது.