பிரெயில் தெரியாவிட்டாலும் புத்தகம் உண்டு

கண் அழுத்த நோயில் பார்வை சுருங்கியவர், சர்க்கரையால் விழித்திரை கெட்டவர், விழித்திரையின் மையமான மாகுலா சிதைந்து எழுத்தின் நடுப்பகுதியே மறைந்துபோனவர் என்று யார் வந்தாலும், பார்வைக்குறைபாட்டுப் பிரிவுக்கு வந்து சேரும்போது வாசிப்பை விட்டு மூன்று, நான்கு வருடம் ஓடியிருக்கிறது. இந்த மாதமும் அப்படித்தான். "இலவச ஒலிநூலகத்தில் சேரவில்லையா?" என்று கேட்டால் வீட்டார் முந்திக்கொள்கிறார்கள்: "அது முழுசாப் பார்வை இல்லாதவங்களுக்குத்தானே? அப்பா தனியா நடமாடுறாரே. பிரெயிலும் தெரியாதே."

பிரெயில் தெரியவே வேண்டாம். ஒலிநூல் காதால் கேட்பது. முழுப் பார்வையிழப்பும் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையையும் தனியாகச் சேர்த்திருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் 6/18-க்கு மேல் தேறாதவர் அதில் வருவார். மற்றவர் 18 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில் நின்றுதான் படிக்க முடியும் என்று பொருள். பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு, 40 பாகைக்குள் சுருங்கியவரும் வருவார். சுவரில் தொங்கும் அட்டையில் கடைசி வரி வரை படித்துவிட்டு, செய்தித்தாளில் அடுத்த வரியைத் தேடித் தவிக்கும் கண் அழுத்த நோயாளிகள் இந்த இரண்டாம் வகை. "அட்டையெல்லாம் நல்லாத்தான் படிக்கிறார்" என்று அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். கண் நன்றாக இருந்தும் டிஸ்லெக்ஸியாவால் எழுத்து பிடிபடாத பிள்ளை, மூளை முடக்குவாதத்தால் புத்தகத்தைப் பிடிக்க முடியாதவர் ஆகியோருக்கும் இந்த நூலகங்களில் இடம் உண்டு. அச்சைப் படிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில் முதலில் நாட வேண்டியது சுகம்ய புஸ்தகாலயா. ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறையும் டெய்ஸி ஃபோரம் ஆஃப் இந்தியாவும் டிசிஎஸ் துணையோடு 2016 ஆகஸ்டில் தொடங்கிய இணைய நூலகம் இது. பதிவு செய்ய மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் அல்லது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடியின் நகல் வேண்டும். முத்திரையும் கையெழுத்தும் தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் எடுங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், சான்றிதழில் முன்னால் என்று இருந்தால் சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். சான்றிதழே எடுக்காதவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். "எனக்கெதுக்கு ஊனச் சான்று" என்று கூசி நிற்பவர்களே அதிகம். கூச்சம் வேண்டாம், ஐயா. பஸ் பாஸுக்கும் அதே அட்டைதான்.

கேட்பதற்கு ஈஸிரீடர் என்ற இலவசச் செயலி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கிடைக்கும். அதற்குள்ளேயே நூலகக் கணக்கில் நுழைந்து நூலை இறக்கலாம்.

அதை விட்டுவிட்டு, கணினியில் ஜிப் கோப்பாக இறக்கி, பிரித்து, எம்பி3-களை மட்டும் உருவிப் பாட்டுச் செயலியில் போட்டுத் தருகிறார்கள் பேரப்பிள்ளைகள். இந்த நூல்கள் டெய்ஸி என்ற, அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கான மின்நூல் வடிவில் இருக்கும். டெய்ஸி நூலின் கோப்புறையைத் திறந்து பாருங்கள். எம்பி3-களோடு சின்னச் சின்ன ஸ்மில் கோப்புகள், பொருளடக்கம் சொல்லும் ஒரு கோப்பு எல்லாம் இருக்கும். எந்த அத்தியாயம் எந்த நொடியில் தொடங்குகிறது என்பது அவற்றில்தான் உள்ளது. அவை இல்லையென்றால் அத்தியாயம் தாவ முடியாது. பாட்டுச் செயலியில் ஷஃபிள் ஓடிக்கொண்டிருந்தால் முதல் அத்தியாயத்துக்குப் பிறகு ஒன்பதாவது வரும். "ஒண்ணும் புரியலப்பா" என்று பெரியவர் போனை வைத்துவிடுவார். கோப்புறையைக் குலைக்காமல் முழுதாக ஏற்றுங்கள். 64 கிலோபிட் தரத்தில் 10 மணி நேர நூல் ஏறக்குறைய 290 எம்பி பிடிக்கும். பிரித்ததும் ஜிப்பை அழிக்காவிட்டால் இடம் இரட்டிப்பாகப் போகும்.

எல்லா நூலும் மனிதக் குரலில் இருக்காது. எழுத்து வடிவ டெய்ஸியைச் செயலி எந்திரக் குரலில் வாசிக்கும். போனில் தமிழ்க் குரல் இறங்கியிருக்காவிட்டால் மௌனம்தான், இல்லையேல் உளறல். அணுகல்தன்மை அமைப்பில் உரையிலிருந்து பேச்சு என்ற பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலை வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைத்துத் தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் அவர்களே கூட்டச் சொல்வார்கள்.

வெளியில் சுற்றும் பழைய தமிழ் பிடிஎஃப்-களைப் போட்டுப் பார்த்துவிட்டு, "செயலி சரியில்லை" என்று புகார் வருகிறது. ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவம் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி மட்டுமே. அப்படியேதான் வாசிக்கும். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினிக்குச் சொல்லும் யூனிகோடில் உள்ள நூலைத் தேடுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இறக்கிய நூலைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், வாசிக்க இயலாதவர்களுக்காக லாப நோக்கமின்றி நூலை மாற்றிக் கொடுக்க அனுமதிக்கிறது. அந்தப் பிரதி அவர்களைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தரும் அமைப்பின் தலையில் இருக்கிறது. பார்வையுள்ள மருமகனுக்கு நீங்கள் அனுப்பும் ஒரு கோப்பு, பதிப்பாளர் நாளை நூல் தர மறுக்கக் காரணமாகும். அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கு நூல் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில், 2014-இல் ஏற்ற நாடு நம்முடையது. அதன் பலனை நாமே கெடுக்க வேண்டாம்.

கண் மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். "இனி செய்ய ஒன்றுமில்லை" என்று சொல்லும் அதே நாளில் சான்றிதழுக்கும் எழுதிக்கொடுங்கள். ஒலிநூலகத்தின் பெயரை மருந்துச் சீட்டிலேயே தமிழில் எழுதிவிடுங்கள்.

வீட்டார்களே, பதிவைப் பேரனின் மின்னஞ்சலில் போடாதீர்கள். அவன் வெளிநாடு போனதும் கடவுச்சொல்லும் கூடவே போய்விடுகிறது. பெரியவரின் சொந்த எண்ணிலேயே பதியுங்கள். கடவுச்சொல்லைத் தடித்த கறுப்பு மார்க்கரில், விரல் நீள எழுத்தில் எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.