பிரசவத்துக்குப் பிந்தைய கண்ணீர்: எதுவரை இயல்பு?

குழந்தை பிறந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காரணமே இல்லாமல் அழுகை வரும். குழந்தை நலமாக இருக்கும், பால் சுரக்கத் தொடங்கியிருக்கும், உடன் இருப்பவர்களும் அன்பானவர்களாக இருப்பார்கள். ஆனாலும் கண்ணீர் நிற்காது. சற்று நேரத்தில் சிரிப்பும் வரும். புதிதாகத் தாயானவர்களில் பாதிப் பேருக்கும் மேல் இது நேர்கிறது. கர்ப்ப காலம் முழுவதும் ஏறிக்கொண்டே வந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள், நஞ்சுக்கொடி வெளியேறிய சில நாட்களுக்குள் சரிந்துவிடுகின்றன. தூக்கமின்மை, தையல் வலி, பால்கட்டு எல்லாம் வந்து சேர்வதும் அதே நாட்களில்தான். நான்கைந்தாம் நாளில் உச்சத்தைத் தொடும் இந்தத் தளர்ச்சி இரண்டு வாரங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். இதற்கு மருந்து தேவையில்லை. ஓய்வும், பக்கத்தில் பொறுமையான ஓர் ஆளும் போதும்.

"எல்லாத் தாய்மார்களுக்கும் இருப்பதுதான்" என்று இந்த நாட்களில் சொல்வது உண்மை, ஆறுதலும்கூட. மூன்றாவது வாரத்திலும் நான்காவது மாதத்திலும் அதையே சொல்வதைத்தான் நான் அஞ்சுகிறேன். மனநல மருத்துவரான என்னிடம் தாமதமாக வந்து சேரும் பெண்கள் பலர், வீட்டில் ஒருமுறை வாய்திறந்து பார்த்து, இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு பேசுவதையே நிறுத்திக்கொண்டவர்கள்.

இரண்டு வாரங்களைத் தாண்டியும் சோர்வு நீடித்தாலோ ஆழமானாலோ, அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். ஏழெட்டுத் தாய்மார்களில் ஒருவருக்கு இது வருகிறது. முதல் ஓராண்டில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். கர்ப்பத்திலேயே தொடங்கிவிடுவதும் உண்டு. இது எப்போதும் அழுகையாகவே வெளிப்படும் என்று நினைக்க வேண்டாம். சிலரிடம் எரிச்சலாக வரும், சிலரிடம் எதையும் உணர முடியாத மரத்த நிலையாக வரும். குழந்தையைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, துணி மடித்து, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துகொண்டே உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத்தான் குடும்பம் கடைசியாகக் கவனிக்கிறது. அதனால் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "குழந்தை தூங்கும்போது, வேறு வேலை எதுவும் இல்லாதபோது, உங்களால் தூங்க முடிகிறதா?" உடல் களைத்துக் கிடக்கும்போதும் கண் மூட முடியவில்லை என்றால், வெறும் களைப்பு என்று அதைத் தள்ளிவிட மாட்டேன்.

தாய்மார்கள் மிக ஆழமாகப் புதைத்து வைப்பது அழுகையை அல்ல, சில எண்ணங்களை. படியில் இறங்கும்போது குழந்தையைக் கைதவற விட்டுவிடுவேனோ, குளிப்பாட்டும்போது நீரில் மூழ்கிவிடுமோ, கையில் இருக்கும் கத்தியால் நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்று கேட்காமலே காட்சிகள் மனத்தில் பாயும். இதை வெளியே சொன்னால் குழந்தையைத் தன்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்று அவர் நம்புகிறார். கத்தியை ஒளித்து வைக்கிறார், குளிப்பாட்டும் பொறுப்பை வேறொருவரிடம் தள்ளுகிறார், தன்னை ஒரு கொடியவளாகவே எண்ணத் தொடங்குகிறார். இத்தகைய எண்ணங்கள் புதிய தாய்மார்களிடம் மிகப் பரவலானவை. எண்ணம் வந்தவுடன் அவர் பதறுகிறாரே, குழந்தையைக் காக்கத் துடிக்கிறாரே, அந்தப் பதற்றமே அவர் அதைச் செய்ய விரும்பவில்லை என்பதைக் காட்டுகிறது. அவை நாள் முழுவதும் விரட்டினால் நல்ல சிகிச்சை இருக்கிறது. ஒருமுறை சொல்லிவிட்டாலே பாதிச் சுமை இறங்குவதை என் அறையில் பார்த்திருக்கிறேன்.

இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் வரும். தூக்கமே தேவைப்படாதது போன்ற வேகம், குழப்பம், இல்லாத குரல்கள் கேட்பது, குழந்தையைப் பற்றிய விபரீத நம்பிக்கைகள் ஆகியவை இதன் அடையாளங்கள். அந்த எண்ணங்கள் அவரைப் பதற வைக்காது. அவை உண்மை என்றே அவர் நம்புவார். அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் கோளாறு உள்ளவர்களுக்கும் முந்தைய பிரசவத்தில் இது வந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அதுவரை தாயைத் தனியாகவோ குழந்தையுடன் தனியாகவோ விடக் கூடாது.

வேறொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இதை எண்ணிப் பயந்து வருபவர்கள் உண்டு. பால் இறங்கும் அந்தக் கணத்துக்குச் சற்று முன் சிலருக்குத் திடீரென்று மனம் இருண்டு, சில நிமிடங்களில் தெளிந்துவிடும். பால் சுரப்பை ஒட்டிய உடலின் அனிச்சை அது, மனச்சோர்வு அல்ல.

மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் உருவாக்கப்பட்ட எடின்பரோ வினாப்பட்டியல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிய பத்தே கேள்விகள். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. கேட்பதால் அந்த எண்ணம் உருவாகிவிடாது, தயங்காமல் கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால் அன்றே உதவி தேடுங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்கிறோம். பலருக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கிறது. மருந்து தேவைப்பட்டாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்பதில்லை. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பாலில் மிகக் குறைந்த அளவிலேயே கலக்கின்றன. மருந்தையோ பாலையோ நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

கணவருக்கு ஒரு வேண்டுகோள். இரவில் ஒரு வேளை குழந்தையை நீங்கள் பார்த்துக்கொண்டு, உங்கள் மனைவிக்கு நான்கைந்து மணி நேரம் இடைவிடாத தூக்கம் கிடைக்கச் செய்யுங்கள். புதிதாகத் தந்தையாகும் ஆண்களுக்கும் மனச்சோர்வு வரும். உங்கள் நிலையையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்கு அவருடன் செல்லுங்கள். தையலையும் குழந்தையின் எடையையும் பார்த்து முடித்ததும் மருத்துவர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார். "நன்றாக இருக்கிறேன்" என்று அவர் சொல்லிவிடக்கூடும். அவருடைய சம்மதத்தை முன்பே பெற்றுக்கொண்டு, எத்தனை நாட்களாக அவர் தூங்கவில்லை, எப்போதிலிருந்து பேச்சு குறைந்தது என்று நீங்கள் வீட்டில் கண்டதை அப்போது மருத்துவரிடம் சொல்லுங்கள்.