அப்பாவின் எஸ்டீமும் நான்கு உள்ளங்கை ரப்பரும்

பிரேக் பெடல் தரையைத் தொட்டபோது கார் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் இருந்தது. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் அது எனக்கு நான்காவது சுற்று. மூன்று சுற்று வரை கல் மாதிரி நின்ற பெடல், திடீரென்று பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி உள்ளே போய்விட்டது. மறுபடி மறுபடி மிதித்தேன், கியரை இறக்கினேன், வளைவை விட்டுவிட்டுப் புல்லில் ஓடவிட்டு நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் கிட்டத்தட்டப் பழையபடி கெட்டியாக இருந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. உடைந்த பொருள் தானாகச் சரியாகாது. அப்படியென்றால் உள்ளே என்னதான் நடந்தது?

கார், 2000-ஆம் ஆண்டில் அப்பா வாங்கிய மாருதி எஸ்டீம். 1298 சிசி, 16 வால்வு, 85 குதிரைத்திறன். தண்டையார்பேட்டையிலிருந்து ஆடி மாதம் பெரியபாளையத்துக்கும், உறவினர் கல்யாணங்களுக்கும், பாட்டிக்கு முடியாத நாட்களில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கும் போய்வந்த கார். அதை விற்க மனமில்லாமல், வாரநாட்களில் தெருவிலும் எப்போதாவது ஒரு ஞாயிறு தடத்திலும் ஓட்டுகிற மாதிரி மாற்ற நினைத்தேன். எல்லோரையும் போல எஞ்சினில்தான் தொடங்கினேன்.

அது தப்பு என்று இப்போது தெரிகிறது. பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும்படி ஒரு திறந்த ஏர் ஃபில்டர் மாட்டினேன். சத்தம் நன்றாக இருந்தது. ஆனால் எஞ்சினுக்கு வேண்டியது எடை மிகுந்த, குளிர்ந்த காற்று. வெளியே 40 டிகிரி வெயில் என்றால், ரேடியேட்டருக்குப் பின்னால் பானெட்டுக்குள் 70 டிகிரிக்கு மேல் போய்விடும். காற்று சூடேறினால் விரியும். 40 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 70 டிகிரிக் காற்றில் அதே கொள்ளளவுக்கு ஆக்சிஜன் சுமார் 9 சதவீதம் குறைவு. கம்பெனி வைத்திருந்த அசிங்கமான பிளாஸ்டிக் குழாய், வெளிக் காற்றை முன்னாலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிப்போட்டுவிட்டுக் காசு கொடுத்து வெந்த காற்றை வாங்கியிருக்கிறேன்!

சரி, பிரேக்குக்கு வருவோம். எங்கள் தெருமுனையில் ஷெட் வைத்திருக்கும் அண்ணன் முன்சக்கரத்தைக் கழற்றினார். காலிபரில், அதாவது பிரேக் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தில், ஆயிலை வெளியேற்ற இருக்கும் நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைக் காலித் தண்ணீர் பாட்டிலில் விட்டார்.

“தம்பி, பிரேக் ஆயில் எப்போ மாத்துன?”

“நினைவில்லண்ணே. அப்பா இருந்தப்போ மாத்தியிருப்பாரு.”

“மிதி. புடிச்சுக்கோ. விடாத.”

நான் மிதிக்க, அவர் நிப்பிளைத் திறந்தார். குழாயில் வந்தது டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அதற்கு நடுவே பாசிமணி கோத்த மாதிரி சின்னச் சின்னக் குமிழிகள். புதிய டப்பாவிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் காட்டினார். வெளிர்த் தேன் நிறம்.

நாம் பிரேக் ஆயில் என்கிறோமே, உண்மையில் அது எண்ணெய் இல்லை. கிளைக்கால் வகையைச் சேர்ந்த ஒரு திரவம். எண்ணெய் தண்ணீரை விலக்கும். இது தண்ணீரை உறிஞ்சித் தன்னோடு கலந்துகொள்ளும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பா மூடி வழியாகவும் காற்றின் ஈரம் வருடக்கணக்கில் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். காசிமேட்டுக் கடற்காற்று அடிக்கிற தெருவில் நிற்கும் காருக்கு ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. உறிஞ்சுவது ஒருவகையில் நல்லதுதான். கலக்காமல் போனால் தண்ணீர் தனியாகக் காலிபரில் தேங்கித் துருப்பிடிக்க வைக்கும், 100 டிகிரியிலேயே கொதிக்கவும் தொடங்கும். ஆனால் கலந்ததற்கும் விலை உண்டு. பிரேக் ஆயிலின் தர வகைகளில் ஒன்றான டாட் 3, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230-லிருந்து 155.

140 டிகிரி தெருவில் சாதாரணமாக வராது. தடத்தில் வரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஸ்டீமின் எடை 875 கிலோ. என்னையும் பெட்ரோலையும் சேர்த்து ஏறக்குறைய 1000 கிலோ. மணிக்கு 120 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறக்கினால், இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு, அதாவது சுமார் 417 கிலோஜூல், எங்கேயாவது போயாக வேண்டும். அடுப்பில் ஒன்றே கால் லிட்டருக்கும் அதிகமான பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. அடுப்புக்கு அதற்குப் பல நிமிடங்கள் தேவை. பிரேக்குக்குக் கிடைப்பது மூன்று நான்கு வினாடி. இதில் 70 சதவீதத்தை, சக்கரத்தோடு சுழலும் முன்பக்க டிஸ்க் இரண்டும் ஏற்கின்றன. இரண்டும் சேர்ந்து 8 கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அவற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 80 டிகிரி ஏறும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். டிஸ்கின் சூடு அதன்மேல் அழுந்தி உராயும் பேடுக்கும், பேடின் சூடு அதைத் தள்ளும் பிஸ்டனுக்கும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கும் கடக்கிறது.

திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால்தான் பெடலில் வைத்த அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. அது கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், குமிழி நன்றாகவே சுருங்கும். நாம் மிதிப்பதெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஆறியதும் ஆவி திரும்பத் திரவமாகும், பெடலும் கெட்டியாகும். என் கார் “தானாகச் சரியானதற்கு” இதுதான் காரணம்.

பிரேக் தோற்பதில் இன்னொரு வகை உண்டு. பெடல் கல் மாதிரியே இருக்கும், கார் மட்டும் நிற்காது. அங்கே குற்றவாளி பேட். அதிலுள்ள பிசின் அளவுமீறிச் சூடேறும்போது வாயு கிளம்பிப் பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே மெல்லிய மெத்தை போலப் படரும், உராய்வு விழுந்துவிடும். இரண்டையும் பிரித்தறிவது முக்கியம். பஞ்சு பெடல் என்றால் ஆயில், கல் பெடல் என்றால் பேட். தடத்துக்கென்றே விற்கும் பேடு இந்தச் சூட்டைத் தாங்கும். ஆனால் அது சூடானால்தான் பிடிக்கும். எண்ணூர் விரைவு சாலையில் காலை ஏழு மணிக்கு, முன்னால் போகும் கன்டெய்னர் டிரெய்லர் சட்டென்று நின்றால், குளிர்ந்த பந்தயப் பேடு கைவிட்டுவிடும். தெருவுக்கு ஒரு ஜோடி, தடத்துக்கு ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்வதுதான் வழி. நான் இப்போது டாட் 4 ஊற்றுகிறேன், வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுகிறேன். மொத்தக் காரில் இதைவிட மலிவான, இதைவிட அவசியமான மாற்றம் வேறெதுவும் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

எங்கள் பக்கத்துக்குக் கார் பந்தயம் புதிதல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில்தான், 1990-ல் இருங்காட்டுக்கோட்டை திறக்கும் முன்பு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. ஃபியட்டும் ஹெரால்டும், அதாவது அந்தக் காலத்துக் குடும்பக் கார்கள்தான், அங்கே கிழித்துக்கொண்டு ஓடின. பழைய காரைத் தடத்துக்குத் தயார்செய்யும் பழக்கம் இந்த ஊரின் வடக்கே வேர்விட்டது என்று சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு.

இனி டயர். கார் தரையைத் தொடும் இடம் எவ்வளவு பெரியது? 1000 கிலோவை நான்காகப் பிரித்தால் சக்கரத்துக்கு 250 கிலோ. காற்று 30 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. வகுத்தால் சுமார் 120 சதுர சென்டிமீட்டர். விரித்த உள்ளங்கை அளவு. எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அத்தனையும் இந்த நான்கு உள்ளங்கை வழியாகத்தான் தரைக்குப் போகிறது. பலூன் செய்யும் சின்ன ஷெட்டாக 1946-ல் தொடங்கிப் பிறகு டயருக்கு வந்த எம்.ஆர்.எஃப். பிறந்ததும் நம்ம திருவொற்றியூரில்தானே. ரப்பரின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இந்த நான்கு உள்ளங்கைக்கும் சுமை சமமாக இருப்பதில்லை. மாநகரப் பேருந்தில் டிரைவர் பிரேக் அடித்தால் நிற்பவர்கள் எல்லோரும் முன்னால் சரிவார்களே, அதேதான். எஸ்டீமின் இரு அச்சுகளுக்கு இடையே 2.365 மீட்டர். எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் என்று வைத்தால், கடும் பிரேக்கில் பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு சுமார் 170 கிலோ இடம் மாறும். வளைவில் இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ இன்னும் அதிகம், 290 கிலோ வரை.

இடம் மாறினால் என்ன, மொத்தம் அதே 1000 கிலோதானே என்று தோன்றும். டயரின் குணம் அப்படியில்லை. சுமை இரட்டிப்பானால் பிடி இரட்டிப்பாகாது, கொஞ்சம் குறைவாகவே கூடும். உதாரணத்துக்கு, 250 கிலோவில் 250 பங்கு பிடி தரும் டயர், 400 கிலோவில் 370 பங்குதான் தருகிறது என்று கொள்வோம். அதே நேரம் 100 கிலோவுக்கு இறங்கிய எதிர்ப்பக்க டயர் 105 தரும். கூட்டினால் 475. சமமாக இருந்தபோது 500. சுமை எவ்வளவு ஒருபக்கம் சாய்கிறதோ அவ்வளவு பிடி காணாமல் போகிறது.

“ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் எடை சாயாது” என்று ஷெட்டில் அடிக்கடி கேட்பீர்கள். சாயும். உடல் சாய்வதுதான் குறையும். மொத்தச் சுமை மாற்றத்தைத் தீர்மானிப்பவை காரின் எடை, எடை மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவின் வேகம் இவைதான். ஸ்பிரிங்காலும், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார் என்ற கம்பியாலும் செய்ய முடிவது, அந்த மாற்றத்தில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பங்கு போடுவது. எஸ்டீம் முன்சக்கரத்தால் இழுக்கும், மூக்கு கனமான கார். வேகமாகத் திருப்பினால் மூக்கு வெளியே ஓடும். பின்பக்கத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கினால் பின்னால் அதிகச் சுமை மாறும், முன்டயர் இரண்டுக்கும் சுமை ஓரளவு சமமாகும், மூக்கு உள்ளே வரும். அதனால்தான் பந்தயத்தில் இப்படிப்பட்ட கார்கள் வளைவில் உட்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கிறோம்.

காரைத் தாழ்த்துவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறைய பேர் காரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுவது மலிவு வழி. ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் உயரம் குறைவதோடு கெட்டித்தன்மை 20 சதவீதம் ஏறும். ஷாக் அப்சர்பர் பழையதாகவே இருக்கும், புதிய துள்ளலை அடக்க அதற்குத் தெம்பு போதாது. மெட்ரோ வேலைக்குத் தோண்டி மூடிய பள்ளத்தில் ஏறி இறங்கினால் சஸ்பென்ஷன் அடிமட்டத்தில் முட்டும். முட்டிய நொடியில் அந்த டயர் பிடியை இழக்கும். அளவுமீறித் தாழ்த்தினால், சக்கரத்தைக் கார் உடலோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கி நிற்கும். அந்தக் கோணத்தில் கார் சாய்கிற மையம் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுவதால், தாழ்த்திய கார் முன்பைவிட அதிகமாகச் சாய்வதும் உண்டு. நான் ஸ்பிரிங்கை வெட்டவில்லை. நல்ல ஷாக் அப்சர்பரும், இணைப்புகளில் வரும் புதிய ரப்பர் புஷ்ஷும் போட்டேன். அப்புறம் அண்ணன் பானெட்டுக்குள், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல்முனை பொருந்தும் இடத்தைச் சுரண்டிக் காட்டினார். உப்புக்காற்றில் தகடு செதில் செதிலாக வந்தது. ஸ்ட்ரட்டின் மேல்முனையைத் தாங்குவது அந்தத் தகடுதான். அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த பிறகே வேறெதையும் தொட்டோம்.

எஞ்சினில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை வெளியே தெரியாது. வளைவில் கார் புவியீர்ப்பில் 0.8 மடங்கு பக்கவாட்டு விசையைத் தாங்கினால், அடியில் இருக்கும் எஞ்சின் ஆயிலின் மட்டம் 39 டிகிரி சாயும். ஒரு டம்ளர் டீயை அந்த அளவு சாய்த்துப் பாருங்கள். ஆயில் உறிஞ்சும் குழாயின் வாய் அப்போது காற்றில் நிற்கும். சில வினாடி காற்றை உறிஞ்சினாலே பேரிங்குக்கு ஆபத்து. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, ஆயில் ஓரத்துக்கு ஓடாமல் தடுக்கும் தகடுகளை உள்ளே வைத்துப் பற்றவைத்தோம். தடத்துக்குப் போகும்போது ஆயிலைக் குச்சியின் மேல் கோடு வரை நிரப்புகிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பிரேக் ஆயில், நல்ல டயர், ஷாக் அப்சர்பர், அலைன்மென்ட் எல்லாம் இந்த எல்லைக்குள் வரும் வேலைகள். வேகமோ தடத்தில் மட்டும்.

கடைசியாகக் காற்று. தடத்தில் ஓடி டயர் 75 டிகிரிக்குச் சூடேறினால், காலையில் 30 வைத்த காற்று 36, 37 ஆகிவிடும். டயர் நடுவில் உப்பி உள்ளங்கை சிறுத்துவிடும். அதனால் சூடாக இருக்கும்போதே 30-க்கு இறக்குவோம். மாலையில் அதே டயர் ஆறும்போது 24-தான் இருக்கும். அந்தக் காற்றோடு பூந்தமல்லி வழியாகத் தண்டையார்பேட்டை வரை வருவது ஆபத்து. ஓரம் மடங்கும், டயர் சூடேறும். அதனால் தடத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் நிற்பது பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்கும் இடத்தில். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார். நான் இறங்கி ஒவ்வொரு வால்வாகக் குனிவேன். நான்கு சக்கரத்துக்கும் 30.