பரு போன பின்னும் நிற்கும் கறை

ஒரு பரு பழுத்து அடங்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அது விட்டுப்போகும் கறுப்புப் புள்ளி ஆறு மாதம் நிற்கும். சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். வெளுத்த தோல் உள்ளவர்களுக்குப் பரு ஆறிய இடம் கொஞ்ச நாள் சிவந்திருந்து மங்கிவிடும். மாநிறமாகவும் கறுப்பாகவும் இருக்கும் நமக்கோ அதே இடம் பழுப்பேறி, கறுத்து, தங்கிவிடுகிறது. அதனால் நம் ஊர்த் தோலில் பருவையும் நிறத்தையும் தனித்தனியே பேச முடியாது. கறை எப்படி விழுகிறது என்று புரிந்துவிட்டால், பருவுக்கு எதைப் பூசலாம், எதைத் தொடவே கூடாது என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட் என்னும் செல்கள் ஆங்காங்கே உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் கிளை கிளையாகக் கை நீட்டி, சுற்றியுள்ள ஏறக்குறைய 36 தோல் செல்களுக்கு நிறமியை ஊட்டுகிறது. அந்த நிறமிதான் மெலனின். டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அதைத் தயாரிக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது டைரோசினேஸ் என்ற நொதி. தயாரான மெலனின் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத் தோல் செல்லுக்குள் போய், அதன் உட்கருவின் மேல் குடைபோல் கவிந்துகொள்ளும். வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளிருக்கும் டிஎன்ஏவைச் சிதைக்காமல் காப்பது அந்தக் குடைதான்.

கறுப்பானவருக்கு மெலனோசைட்டுகள் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணிக்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது பொட்டலம். கறுத்த தோலில் அவை பெரிதாக, தனித்தனியாகப் பரவி, மேலடுக்கு வரை சிதையாமல் போகின்றன. வெளுத்த தோலில் சிறிதாக, கொத்துக்கொத்தாக இருந்து சீக்கிரமே கரைந்துவிடுகின்றன. இதை முடிவுசெய்வதில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. அவற்றில் எஸ்எல்சி24ஏ5 என்ற ஒன்றின் பங்கு 2005இல் தெரியவந்தது. துப்புக் கொடுத்தது ஜீப்ராஃபிஷ் என்ற சிறு மீனின் வெளுத்த வகை. அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் தோல் வெளுக்கிறது. ஐரோப்பியர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும் இந்த மாற்றம் தெற்காசியாவிலும் பரவலாக உண்டு. ஒரே தாய் வயிற்றில் அண்ணன் மாநிறமாகவும் தங்கை நல்ல கறுப்பாகவும் பிறப்பதற்கு இப்படிப்பட்ட மரபணுக்களின் கலப்பே காரணம். குங்குமப்பூவுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

மெலனின் நிறைந்த தோலுக்கு லாபம் பெரிது. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் மிகக் குறைவு, சுருக்கமும் தாமதமாகவே விழும். ஆனால் நம் மெலனோசைட்டுகள் சுறுசுறுப்பானவை. வெயிலுக்கு மட்டுமல்லாமல் எல்லாக் காயத்துக்கும் பதில் சொல்பவை. பரு, கொசுக்கடி, சூடு, முகத்தில் நூல் போட்ட எரிச்சல், எதுவானாலும் சரி. அழற்சியின்போது அங்கே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருட்கள் மெலனோசைட்டை முடுக்கிவிடுகின்றன. அது அளவுக்கு மீறி மெலனினைக் கொட்டுகிறது. கறை என்பது அதுதான்.

கறையின் ஆழமும் முக்கியம். மெலனின் மேல்தோலிலேயே நின்றால் நிறம் பழுப்பாக இருக்கும். தோல் உதிர்ந்து புதுப்பிக்கும்போது மாதக்கணக்கில் அதுவும் உதிர்ந்துபோகும். பருவை நகத்தால் பிதுக்கினால் மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இடையிலான மெல்லிய தளம் கிழிந்து மெலனின் கீழே விழுந்துவிடும். அதை விழுங்கும் காவல் செல்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. அந்தக் கறை சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும், ஆண்டுக்கணக்கில் நிற்கும், கிரீம் எதுவும் அவ்வளவு ஆழத்துக்கு எளிதில் எட்டாது. பருவைக் கிள்ளாதே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது முழுக்கச் சரி.

இனி பரு. முகத்தின் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது அது பெருத்து அதிக எண்ணெய் விடுகிறது. அதே சமயம் துளையின் உள்சுவரில் உதிரும் செல்கள் ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. காற்றுப் புகாத அந்த எண்ணெய்க் குழியில் கியூட்டிபாக்டீரியம் ஏக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது சிவந்து, வீங்கி, சீழ் வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத முதல் அடைப்பு பருவாக எழும்ப வாரக்கணக்கில் ஆகும். இன்று காணும் பரு நேற்றுத் தின்ற முறுக்கால் வந்தது அல்ல. மூக்கில் தெரியும் கரும்புள்ளியும் அழுக்கு அல்ல, காற்றுப் பட்ட எண்ணெயும் மெலனினும். சோப்பு போட்டுத் தேய்த்தால் அது போகாது. எரிச்சல்தான் வரும், எரிச்சல் வந்தால் கறை வரும்.

முகத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவினால் போதும். மருந்துகளில் அடிப்படை இரண்டு. ஒன்று பென்சாயில் பெராக்சைடு. இது ஆக்சிஜனை வெளியிட்டுப் பாக்டீரியாவைக் கொல்கிறது, பாக்டீரியாவுக்கு இதை எதிர்க்கும் திறன் வளர்வதில்லை. 2.5% ஜெல்லே 10% அளவுக்கு வேலை செய்யும், எரிச்சலோ வெகு குறைவு. நம் தோலுக்கு 2.5%தான் ஏற்றது. துண்டிலும் தலையணை உறையிலும் பட்டால் சாயம் போய்விடும், வெள்ளைத் துணி பயன்படுத்துங்கள்.

இரண்டாவது அடாபலீன் 0.1% ஜெல், துளை அடைபடாமல் தடுப்பது. இதை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். தோல்வி பெரும்பாலும் பூசும் முறையில்தான் நிகழ்கிறது. இரவில் முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்தபின், முழு முகத்துக்குமாக ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து பொட்டு வைத்துப் பரப்ப வேண்டும். பருவின் மேல் மட்டும் வைத்தால் பயனில்லை, அடுத்த பரு தயாராவது பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலுக்கடியில். கண், மூக்கு, உதடு ஆகியவற்றின் ஓரங்களை விட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், கூடவே மாய்ஸ்சரைசர். முதல் மாதத்தில் பரு கூடியதுபோல் தெரியலாம். பலர் அங்கேதான் ட்யூபைத் தூக்கிப் போடுகிறார்கள். 12 வாரம் ஆகாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம். அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் பொதுவாகப் பாதுகாப்பானது. பருவைக் குறைப்பதோடு டைரோசினேஸையும் அது தடுப்பதால் கறையும் மங்கும்.

ஆழமான, கட்டிகட்டியான, குழி விழும் பருக்களுக்கு வீட்டில் காத்திருக்காதீர்கள், குழி தானாக நிரம்பாது. அவற்றுக்கு மருத்துவர் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை மிக வலிமையானது. கருவுக்குப் பெருங்கேடு செய்யும் என்பதால் சாப்பிடும்போதும் நிறுத்தியபின் ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது. மாதவிடாய் தவறி, தாடையில் முடியும் பருவும் சேர்ந்து வந்தால் பிசிஓஎஸ் என்னும் சினைப்பை-ஹார்மோன் கோளாறு உள்ளதா என்று பார்க்க வேண்டும். நெற்றியோரம் மட்டும் பரு வந்தால் தலைக்கு வைக்கும் எண்ணெயைச் சந்தேகியுங்கள்: குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வைத்து அலசிவிடுங்கள், இரவு முழுதும் ஊற வேண்டாம்.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்கும் பழக்கம் கவலை தருகிறது. அது கடும் அமிலம். போதாததற்கு அந்தக் குடும்பப் பழங்களில் உள்ள ஃபுரோகூமரின்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டு, கறையை இன்னும் கறுப்பாக்கும். பற்பசையும் எரித்துத்தான் காயவைக்கிறது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது மருந்துக் கடையில் 'சிவப்பாகும்' என்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று ட்யூபில் இருக்கிறதா பாருங்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, முடி முளைத்து, பருவே கூடும். நிறுத்தினால் நெருப்பாய் எரியும் என்பதால் விடவும் முடியாது. இப்படிச் சிக்கியவர்கள் தாங்களாக நிறுத்தாமல் தோல் மருத்துவர் துணையோடு படிப்படியாக வெளிவர வேண்டும். முகவரி இல்லாத சில சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. அது மெலனினைத் தடுப்பதோடு தோல் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கேரளத்தில் இப்படிப் பல நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள்.

கறை மங்க வேண்டுமானால் வெயிலை மறைக்காமல் முடியாது. எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் அதுதான் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. நாம் பூசுவது பெரும்பாலும் அதில் கால்வாசி. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். நம் தோலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுக்கவைக்கும். இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் அதையும் தடுக்கிறது. கன்னத்தில் கருந்திட்டாகப் படரும் மங்கு உள்ளவர்களுக்கு இது மிகவும் உதவும்.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணிபோல் தடித்துக் கறுப்பது வேறு கதை. அழுக்கென்று நினைத்துப் பீர்க்கங்கூட்டால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள், பிள்ளைகளைத் திட்டவும் செய்கிறார்கள். பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் ரத்தத்தில் அதன் அளவு ஏறியிருப்பதன் அடையாளம் அது. கிரீம் வாங்குவதற்கு முன் ரத்தச் சர்க்கரை பாருங்கள். எடை குறையக் குறையக் கழுத்தும் தெளியும்.