கதை முடிந்ததும் நீதி கேட்காதீர்கள்

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் டெல்டாவில் பல பிள்ளைகளுக்குத் தூக்கம் கெடும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலைப் பார்க்காத குழந்தைகளும் அஞ்சுவது உண்டு. விழுந்த தென்னைகளைப் பற்றி வீட்டில் பேசுவதைக் கேட்டு வந்த பயம் அது. "ஒண்ணும் ஆகாது, படு" என்றால் அது போகாது. மாயக்கதை ஓரளவு தணிக்கும். காற்றின் பயத்துக்கு உருவமும் இல்லை, எப்போது முடியும் என்றும் தெரியாது. கதையிலோ அது பூதமாகக் கண்ணில் படுகிறது. அதை வெல்ல வழி இருக்கிறது. கதைக்கு ஒரு முடிவும் உண்டு. பிள்ளை அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். சலிக்காமல் படியுங்கள்.

ஏழெட்டு வயதுக்கு மேல் விக்கிரமாதித்தன் கதை பொருத்தம். வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். விடை தெரிந்தும் ராஜா வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். திறந்தால் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். அந்த இக்கட்டில் பிள்ளையே தீர்ப்புச் சொல்லட்டும். ராஜா சொன்னதற்கு மாறாக இருந்தாலும் திருத்தாதீர்கள், "ஏன் அப்படி?" என்பது போதும். நியாயமும் இரக்கமும் மனதில் ஊன்றுவது இந்த வாதாட்டத்தில்தான். "இதுலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்டால் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் போய்விடும். இந்தக் கதைகள் சிலவற்றில் பெண்களைப் பற்றிய பழைய தீர்ப்புகளும், பெரியவர்களுக்கான விஷயங்களும் உண்டு. முதலில் நீங்கள் படித்துப் பொறுக்கி எடுங்கள்.

படுக்குமுன் 15, 20 நிமிடம் போதும். செல்போனில் வேண்டாம், காகிதப் புத்தகமே நல்லது. பூதம் துரத்தும் இடத்தில் நிறுத்திவிட்டு விளக்கை அணைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பயம் அந்தரத்தில் நிற்கும். கேள்வியில் நிறுத்தலாம், ஆபத்தில் நிறுத்தக்கூடாது. நாலைந்து வயதில் பூதம் நிஜம் என்றே தோன்றும். அவர்களுக்குப் பேசும் குருவியும் நரியும் போதும். வீடு உண்மையிலேயே வெள்ளத்திலோ புயலிலோ பாதிக்கப்பட்டிருந்தால், முதல் சில வாரங்களுக்கு நீர், காற்று வரும் கதைகளைத் தள்ளி வையுங்கள்.

புத்தகத்துக்கு ஊர்ப்புற நூலகத்தில் உறுப்பினராகுங்கள். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் சுற்றிய மண் இது. கிடைக்கவில்லை என்பது சாக்கு.

தூக்கமின்மை, படுக்கையில் சிறுநீர், பள்ளிக்குப் போக மறுப்பது போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், பிள்ளை புத்தகத்துக்குள்ளேயே ஒளிந்துகொண்டு யாரிடமும் பேசாவிட்டாலும், கதையை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இரவிலும் இலவசமாகப் பேசலாம்.