சூடாக்கினால் சுருங்கும் தகரம்

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய அப்பா ஓட்டிய அம்பாசடர், 1986 மாடல். பின்கதவின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. முதலில் பார்த்த டிங்கர், "பட்டி வெச்சு அடைச்சிடலாம் சார், ஒரே நாள் வேலை" என்றாராம். இரண்டாமவர், துருப்பிடித்த இடத்தை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும் என்றிருக்கிறார்.

வாசகரின் கேள்வி அந்த இரண்டாவது பட்டறையில் பார்த்த ஒரு காட்சியைப் பற்றியது. வேறொரு வண்டியில், வெல்டிங் செய்த இடத்துக்குப் பக்கத்தில் தகரம் புடைத்துக்கொண்டிருந்தது. டிங்கர் அந்தப் புடைப்பின் உச்சியில் கேஸ் சுடரைக் காட்டிச் சிவக்க வைத்தார். சுத்தியலால் நாலு தட்டு. உடனே ஈரத்துணியை வைத்து அழுத்தினார். புடைப்பைக் காணவில்லை. "சூடாக்கினால் இரும்பு விரியும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? இது எப்படிச் சுருங்கியது?"

அருமையான கேள்வி. ஆனால் ஓட்டை எப்படி விழுந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரும்பு, நீர், ஆக்சிஜன் சேர்ந்தால் துரு. உப்புக்காற்று இருந்தால் இன்னும் வேகம். இது தெரிந்ததுதான். கார்க் கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. கண்ணாடியின் ஓர ரப்பர் வழியாக உள்ளே போய், அடியில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக வடிந்துவிட வேண்டும். அந்தத் துளைகளை மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். அதுவும் எங்கே? வெளித்தகரத்தை உள்சட்டத்தின் மேல் மடித்து அழுத்தியிருக்கும் மடிப்பில். அந்த இடுக்கில் ஆக்சிஜன் குறைவு, வெளியே அதிகம். இந்த ஏற்றத்தாழ்வே அந்த இடத்தை ஒரு குட்டி பேட்டரியாக மாற்றிவிடும். அதில் கரைவது இடுக்கில் இருக்கும் இரும்பு. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும் என்பதால் மடிப்பைப் பிளந்துகொண்டு வரும். வெளியே பெயின்டில் கொப்புளம் தெரிகிறதென்றால் உள்ளே கதை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இதன் மேல் பட்டி பூசினால்? பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினில் டால்க் பொடியைக் கலந்தது. பின்பக்கம் திறந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சும். ஓரத்துத் துரு தன்பாட்டுக்கு வளரும். பட்டி சின்னப் பள்ளத்தை நிரவுவதற்கு, ஓட்டையை மூடுவதற்கல்ல.

பேட்டரியில் இணைத்தால் கார் முழுவதையும் துருவிலிருந்து காக்கும் என்று சில மின்னணுப் பெட்டிகள் விற்கிறார்கள். மின்சாரம் செலுத்தி அரிப்பைத் தடுக்கும் இந்தத் தத்துவம் கடல்நீரில் மிதக்கும் கப்பலுக்கு நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் மின்சுற்றை மூட அங்கே சுற்றிலும் உப்புநீர் இருக்கிறது. காற்றில் நிற்கும் காருக்கு அந்தச் சுற்று எங்கிருந்து வரும்? இந்தப் பெட்டிக்கு, காரின் முன்பக்கம் கட்டும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் எவ்வளவோ மேல். விலையாவது குறைவு.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்து, 1953இல் திறக்கப்பட்டது. எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று நாட்டுக்கே வரைபடம் போட்டவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ராக்கெட்டுக்குக் கைதட்டுகிறோம், நானும் தட்டுகிறேன். துருவுக்கு யாரும் தட்டுவதில்லை. பாலமும் படகும் பஸ்ஸும் தினம் கரைகிற நாட்டில் இந்த ஆய்வுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

சரி, கேள்விக்கு வருவோம்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள், அல்லது தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பட்டையை வட்டமாகத் தீமூட்டிக் காய்ச்சுவார்கள். அது தாராளமாக விரியும், தடுக்க ஆளில்லை. சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றியதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

கார்த் தகரத்தில் நடப்பது வேறு. டிங்கர் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மட்டும்தான் சிவக்க வைக்கிறார். அந்த வட்டம் விரியத் துடிக்கிறது. ஆனால் சுற்றிலும் இருக்கும் குளிர்ந்த தகரம் அசைந்து கொடுப்பதில்லை. சிவந்த இரும்போ களிமண் மாதிரி இளகிப்போய், எதிர்த்துத் தள்ளத் திராணியில்லாமல் இருக்கிறது. பக்கவாட்டில் போக வழியில்லாத அந்த உலோகம் என்ன செய்யும்? தடிமனாகும். சுத்தியலின் நாலு தட்டும் அதற்குத்தான்: புடைப்பைக் கீழே இறக்கி, இளகிய உலோகத்தை அதற்குள்ளேயே திணிப்பதற்கு. அப்புறம் ஆறும்போது எல்லாப் பக்கமும் சுருங்குகிறது. விரிய விடாமல் தடுத்தார்கள், சுருங்குவதை யார் தடுப்பது? ஆரம்பத்தில் இருந்ததைவிடக் குறைந்த அகலத்தில் வந்து நிற்கிறது. அக்கம்பக்கத்துத் தகரத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

எவ்வளவு குறையும்? எஃகு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 முதல் 14 பங்கு விரியும். 20 மி.மீ. வட்டத்தை 700 டிகிரி ஏற்றினால் 0.2 மி.மீ. அதிகபட்சம் அவ்வளவுதான் கிடைக்கும். இத்துனூண்டு சுருக்கம் அந்தப் புடைப்பை எப்படி இறக்கும்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 200 மி.மீ. இடைவெளிக்குள் 200.2 மி.மீ. நீளத் தகரத்தை அடைத்தால், அது எவ்வளவு உயரம் வளையும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டவில் சூத்திரம் போதும். கிட்டத்தட்ட 4 மி.மீ.! நீளத்தில் மயிரிழை கூடினால் உயரத்தில் விரல் தடவினாலே தெரியும் மேடு. திருப்பிப் பார்த்தால், மயிரிழை சுருக்கினால் மேடு போய்விடும். டிங்கர் ஃபார்முலா போடுவதில்லை. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் கதவைத் தடவிப் பார்த்தே அடுத்த புள்ளி எங்கே என்று முடிவு செய்கிறார்.

ஈரத்துணியின் வேலை சூடு பக்கத்தில் பரவாமல் தடுப்பது. சுற்றியுள்ள தகரமும் இளகிவிட்டால் தடுப்புச் சுவர் போய்விடும். பாடித் தகரத்தில் கார்பன் மிகக் குறைவு என்பதால் இப்படித் திடீரென்று குளிரவைத்தாலும் கத்தி மாதிரி இறுகி நொறுங்காது.

இப்போது வெல்டிங்கை யோசியுங்கள். ஒவ்வொரு வெல்டிங் புள்ளியும் இதே மாதிரி ஒரு சுருக்கும் புள்ளிதான், யாரும் கேட்காமலே வருவது. ஓட்டை ஓரமாக ஒரே இழுப்பில் கோடு போட்டால் கதவு முழுக்க உள்ளிழுத்து, டப்பா மூடி மாதிரி டொக்கு டொக்கென்று ஆடும். அதனால்தான் நல்ல டிங்கர் இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறார். சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். ஆறிய புள்ளிக்குப் பின்னால் டாலி எனும் கனத்த இரும்புக் கட்டியை வைத்து முன்னால் தட்டினால் தகரம் மெலிந்து, சுருங்கியது மறுபடி நீளும். கூடினால் சூடு, குறைந்தால் சுத்தி.

வாசகருக்கு: இரண்டாமவரிடமே வண்டியை விடுங்கள். புதுத் தகரத்தைப் பழையதன் மேல் ஏற்றி வைக்காமல், விளிம்போடு விளிம்பாகப் பொருத்தச் சொல்லுங்கள். மேலே ஏற்றினால் அங்கே இன்னொரு இடுக்கு உருவாகும். மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக வெட்டச் சொல்லுங்கள். உள்பக்கம் பிரைமரும் மெழுகும் போன பிறகு, அடியில் இருக்கும் துளைகளில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை விட்டுப் பாருங்கள். பட்டியும் பெயின்டும் சேர்ந்து அவற்றை அடைத்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.